வாய் திறந்த எழுத்து

மாமா நடந்தால் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் பலகைத் தரை முழுக்க அதிரும். அந்த வாரம் அவர் உட்காரவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் பிளான் வரையும் வேலை அவருக்கு. மனசு மட்டும் பழைய எழுத்துகளில். சிங்கள விகாரையின் பிக்கு ஒரு மைப்படியைப் பார்க்கக் கொடுத்திருந்தார். புத்தரின் எலும்பு வைத்த செப்புப் பேழையின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்ததாம். கறுப்புத் தாளில் வெள்ளைப் புள்ளிகளாய் எழுத்து, மலாய்க்காரர்கள் எழுதும் ஜாவி போல வலமிருந்து இடமாக ஓடும். திங்கட்கிழமை பிக்கு அதை எடுத்துக்கொண்டு கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறிவிடுவார்.

பேழை அசோகர் காலத்தது என்று படித்தவர்கள் எழுதியிருந்தார்கள். மாமாவுக்கு ஒப்பவில்லை.

"இந்த எழுத்து ஆறு எடத்துல வருது, பாருக்கா. அசோகர் காலத்துல இதோட தல மூடியிருக்கும். இதுல தொறந்து கெடக்கு. எறநூறு வருஷமாச்சும் பின்னாடி உள்ளது லா இது!"

"தொறந்து கெடந்தா மூடிட்டுப் போயேன். மொதல்ல உக்காந்து சாப்பிடு," என்றாள் அம்மா.

கல்கத்தா ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு இதைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதி முடித்திருந்தார். ஒரு பிளான்காரன் சொல்வதையும் நாலு பேர் கேட்கவேண்டும் என்ற தவிப்பு அவருக்கு.

எட்டு வயது எனக்கு அந்தத் திறந்த எழுத்துகள் பிடிக்கவில்லை. கோலத்தில் கோடு சேராமல் விட்டால் அம்மா கையிலேயே தட்டுவாள். ஞாயிறு காலை மாமா குளிக்கப் போனதும், அரிசிமாவைக் கரைத்து, தீக்குச்சி முனையால் ஆறு எழுத்துக்கும் புள்ளி வைத்து மூடிவிட்டேன். காய ஊதியும் விட்டேன். வைத்த புள்ளி என்று யாரும் சொல்லமுடியாது; என் கை அவ்வளவு சுத்தம்.

தபாலில் போடுமுன் கடைசியாக ஒருமுறை பார்க்க மாமா பூதக்கண்ணாடியுடன் வந்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்தார். தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

"மூடித்தான்க்கா இருக்கு," என்றார். "அரிக்கேன் வெளிச்சத்துல பாத்து ஏமாந்துட்டேன். நல்லவேளை அனுப்பல. மானம் போயிருக்கும்."

பதினொரு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டார். மறுநாள் பிக்கு தாளோடு கப்பலேறினார். என் மாவுப் புள்ளிகளை எந்த ஊரில் எந்த மேதை பார்த்துத் தலையாட்டினாரோ! மாமா அதற்குப்பின் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் அவர் நடக்கவில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பலகைத் தரை சத்தமே போடவில்லை. ஒருவழியாக மாமாவை நான்தான் உட்காரவைத்தேன் என்று அன்று எனக்கு அவ்வளவு பெருமை.