அதென்ன பச்சை?

என் மகள் நிலா, நெரவி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். இந்த ஆண்டு அங்கே சின்னப் பிள்ளைகளுக்கென்றே குட்டிக் கழிப்பறைகள் கட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வந்தவள், இப்போது "நானே போவேன்" என்று வீட்டிலும் என்னைத் துணைக்கு விடுவதில்லை. எனக்குப் பெருமைதான்.

போன வாரம் வீட்டில் அப்படிப் போனவள், உள்ளே பூட்டுக் குமிழைத் திருகிவிட்டாள்.

"அந்தப் பூட்டைத் தொறடி" என்று நான் கத்தக் கத்த, ஒன்றும் புரியாமல் அழுதாள். கதவை உடைக்க ஆள் தேடும்முன், பதற்றத்தில் அவள் டீச்சருக்கு போன் போட்டேன்.

"பயப்படாதீங்கம்மா, ஸ்பீக்கர்ல போட்டு கதவுகிட்ட வைங்க" என்றவர், "நிலா, முடிஞ்சிடுச்சா? அப்ப பச்சைக்குத் திருப்பு" என்றார். அழுகை நின்றது. கதவு திறந்தது.

அதென்ன பச்சை? மறுநாள் பள்ளிக்கே போய்ப் பார்த்தேன். அங்கே உள்ளிருந்து குமிழைத் திருப்பினால், கதவின் வெளிப்பக்கம் சிவப்பு தெரிகிறது. ஆள் இருப்பதற்கு அடையாளம். மறுபடி திருப்பினால் பச்சை. ஆனால் கதவு பூட்டிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டுக் குமிழையும் அப்படியே நினைத்திருக்கிறாள்.

இப்போது பூட்டைக் கழற்றிவிட்டு, கதவின் வெளியே ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். பள்ளியில் புதிதாக எது வந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

நேற்று அவள் அப்பா அட்டையைப் பச்சைக்குத் திருப்பாமல் வந்துவிட்டார். காலி கழிப்பறைக்கு வெளியே, காலை இடுக்கிக்கொண்டு நிலா நிற்கிறாள்: "உள்ள யாரோ இருக்காங்கம்மா!"