கையெழுத்தில்லாத சிவப்புப் படிவம்

நான் மருந்தாளராக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேறெந்த அன்டிபயோடிக்குக்கும் மசியாத கிருமிக்கென்று ஒதுக்கிவைத்த ஊசிமருந்தைக் கொடுக்க, சிவப்புப் படிவத்தில் கிருமியியல் நிபுணரின் கையெழுத்து வேண்டும். இல்லாமல் வந்தால் யாராயிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். பொல்லாத மனுஷி என்று வார்டில் பெயர். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பொல்லாத்தனம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் எதிர் ஃபிளாட்காரியிடம் மட்டும் எடுபடவில்லை. அவளுடைய கணவரைச் சிறுநீரில் கிருமி, கடும் காய்ச்சல் என்று எங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள்.

"அக்கா, நீங்கள் உள்ளுக்க இருக்கேக்க எங்களுக்கென்ன குறை? நல்ல ஸ்ட்ரோங்கான மருந்தாப் போடச் சொல்லுங்கோ."

பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் இருந்தது. அதுவரை சாதாரண மருந்தே போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தினமும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவள். இளம் டொக்டரிடம், "எழுதுங்கோ டொக்டர், கையெழுத்தை நான் பிறகு வாங்கிறன்" என்றேன். எழுதினார். கொடுத்தேன். கையெழுத்தில்லாத படிவத்தைக் கோப்பின் அடியில் செருகினேன்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. முடிவும் வந்தது: வாயால் விழுங்கும் வெறும் குளிசைக்கே அடங்கும் கிருமி. அப்போதாவது மருந்தை மாற்றியிருக்கலாம். "சுகம் வாறதை ஏனக்கா குழப்புவான்?" என்றாள். அதே ஊசியையே தொடர்ந்து கொடுத்தேன். அவர் வீடு திரும்பியதும் எனக்கு நண்டுக்கறி வந்தது. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை கிருமி இரத்தத்தில். முடிவுத்தாளில் ஒவ்வொரு மருந்துக்கு எதிரேயும் 'கேளாது' என்ற குறி, சிவப்புப் படிவ மருந்துக்கும் அதே குறி. எளிய கிருமிகளையெல்லாம் நான் கொடுத்த ஊசி துடைத்தெடுத்து, தனக்கு மசியாததை வளரவிட்டிருந்தது. எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவள் மருந்தறை ஜன்னலுக்கு வந்தாள்.

"போனமுறை தந்ததைத் தாங்கோவன், அக்கா. இந்த டொக்டர்மாருக்கு அது தெரியாது போல."

அலுமாரி நிறைய அந்த மருந்து இருந்தது. "அது இனிக் கேளாதம்மா" என்றேன்.

"உங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமெண்டால் வேண்டாம்" என்றாள். கட்டுப்பாட்டுக்குப் பயந்து மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று நின்றேன், கோழை மாதிரி.

ஆறாம் நாள் அவர் இறந்தார். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அவள் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, முதல்முறை அவரைக் காப்பாற்றித் தந்தது இந்த அக்காதான் என்று வந்த எல்லோரிடமும் சொன்னாள்.