வெளிச்சத்தை மாற்றச் சொன்னேன்

தலைச்சோலை எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை தரம் பிரிப்பவள் நான். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நானே முடிவுகட்டி ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். பிறகுதான் சேலத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மயக்க மருந்து வேண்டாம் என்றதால் திரையை நானும் பார்த்தேன்.

"சுத்தமா இருக்குதுங்கம்மா" என்றார் டாக்டர்.

"ஏனுங்க, வெளிச்சத்தை மாத்திப் பாக்க முடியுங்களா? பல்புல நல்லாத் தெரியற கொட்டை சன்னலோரம் கொண்டுபோனா சொத்தையா இருக்குமுங்க."

சிரித்துக்கொண்டே நீல வெளிச்சத்துக்கு மாற்றி இன்னொரு முறை பார்த்தார். ஒரு மடிப்பில் தட்டையான சதை வளர்ச்சி பழுப்பாகத் தெரிந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு அப்போதே வெட்டி எடுத்தார். விட்டிருந்தால் புற்றுநோயாக மாறக்கூடியதாம்.

இப்போது உடன் வேலை செய்பவர்கள் யாராவது மூலம் என்று சொன்னால், நானே பஸ் ஏற்றிச் சேலம் கூட்டிப்போகிறேன். இந்த வருடம் என் சோதனையில், நான் வாய் திறப்பதற்குள் டாக்டரே நீலத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்: "சொத்தை ஒண்ணுமில்லீங்கம்மா."