தப்பும் என்னுதுதான்

ரம்லத்தின் புருஷன் துபாயில் வேறு குடும்பம் தேடிக்கொண்டபோது, 'பாவம்' என்று சொல்ல மட்டாஞ்சேரியே திரண்டு வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இஞ்சிக் கிடங்கில் கூலிக்குப் போய்க்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிங்டன் தீவின் காலிச் சாலைகளில் ஆட்டோ பழகினாள். வளையலை விற்று வண்டி எடுத்தாள். பெண்பிள்ளை ஓட்டினால் சுவரில்தான் முட்டும் என்று சிரித்தவர்களே இப்போது தங்கள் பிள்ளைகளை அவள் வண்டியில்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். அதற்காக அவள் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அண்ணன் கமாலுதீனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஆலுவாவில் கடை வைத்திருப்பவர். ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்து, அவள் மறுத்த பிறகும் விடவில்லை. கலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட அவள் வண்டியில் ஏற்றியபோதும் பின்னாலிருந்து அதே பாட்டு.

"கடைக்கு மேலே ரூம் சும்மா கிடக்கு. வண்டியை வித்துட்டு வந்துரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்காகப் பேச யாரு இருக்கா?"

பதில் சொல்லத் திரும்பினாள். அந்த நொடியில் 'டக்'கென்று சத்தம். ஓரமாக நின்ற காரின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. உச்சி வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை.

"ஒருத்தரும் பாக்கலை. எடு வண்டியை," என்றார் கமாலுதீன்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

சத்தம் கேட்டு, எதிரிலிருந்த மிளகு மண்டியிலிருந்து கார்க்காரர் வெங்கிடேஷ் இறங்கி வந்தார்.

"நான் ஓட்டினேன்னு சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே," என்று அண்ணன் முணுமுணுத்தார். சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத மனுஷர்.

வெங்கிடேஷ் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். "ஆம்பளை நீங்க இருக்கேளே, நீங்க சொல்லுங்கோ. என்ன செய்யப் போறேள்?"

ரம்லத் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"என்கிட்ட கேளுங்க சாரே. வண்டி என்னுது. ரோட்டைப் பாக்காம ஓட்டினது நான். தப்பும் என்னுதுதான், அதை ஏன் இவரு தலையில வைக்கணும்? ஏறுங்க. கலூர்ல கண்ணாடி வாங்கி நானே மாட்டித் தர்றேன்."

வெங்கிடேஷ் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் இரண்டு ஆண்கள். அவளுக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த வெட்கத்தையும் இன்னொருவரிடம் கொடுக்காமல் தானே சுமந்ததில் இதுவரை தெரியாத ஒரு நிறைவு இருந்தது.

கலூரில் அண்ணன் இறங்கினார். ரூமைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"ஒண்ணு ஆச்சுன்னா பேச யாரு இருக்கான்னு கேட்டீங்களே அண்ணே. ஆச்சு. பேசிட்டேன்."