சுட்டி நக்கிய கை

நான் மாட்டு டாக்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்த பிறகு படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் நினைக்கப்போகிறீர்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். பால் வற்றினால் கண்ணேறு, கன்று செத்தால் காத்துக் கருப்பு, மாடு மிரண்டால் மேல்மலையனூருக்குப் போகாமல் ஒரு அமாவாசை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்காத வாரம் கிடையாது. தாராளமாகப் போய்க் கும்பிடுங்கள், அதற்கு முன்னால் பூச்சி மருந்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்பேன். முக்கால்வாசி வயிற்றுப் பூச்சிதான். மாட்டுக்கு மூக்கும் காதும் நம்மைவிடக் கூர்மை. நமக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிகிறதென்றால் அது வாசனையாக இருக்கும், இல்லையென்றால் சத்தமாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று கிடையாது. இன்றைக்கும் மற்ற மாடுகளைப் பற்றி என் அபிப்பிராயம் இதேதான். நான் சொல்லப்போகிற இந்த ஒரு மாட்டை மட்டும் எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வீடு திண்டிவனத்தில், வேலை அனந்தபுரத்தை ஒட்டிய ஒரு கால்நடை மருந்தகத்தில். அங்கிருந்து பனமலைக்குப் போகிற வழியில் ஒரு ஊர், பேர் வேண்டாம். அந்த ஊரிலிருந்து ஒருநாள் மத்தியானம் வளர்மதி என்கிற அம்மா போன் செய்தார்.

“டாக்டரம்மா, காலையிலயே பனிக்கொடம் ஒடஞ்சிச்சுங்க. ஒத்தக் காலுதான் வெளிய தெரியுது. மாடு எழுந்துக்கினும் படுத்துக்கினும் அவஸ்தைப்படுது. ஜல்தி வாங்க.”

உதவியாளர் அன்று லீவு. நான் மட்டும் ஸ்கூட்டரில் போனேன். செவலை நிறத்தில் ஜெர்சிக் கலப்பு மாடு, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதனால் சுட்டி என்று பேர். வளர்மதிக்கு ஐம்பது வயது இருக்கும். கூட அவருடைய கொழுந்தன் சேகர் இருந்தார். கையுறை போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பி மடங்கிக் கிடந்தது. உயிர் இருந்தது, வாயில் விரலை வைத்தால் லேசாகச் சப்பியது. கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, பிறகுதான் இழுக்க முடியும். அதற்கு மாடு அசையாமல் நிற்க வேண்டும். சுட்டி நிற்கிற மாடாக இல்லை. சேகர் தலைக்கயிற்றைப் பிடித்தார், ஒரே உதறலில் அவரைச் சாணிக்குழியில் தள்ளிவிட்டது.

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார். “அண்ணன் ஒரு சத்தம் குடுத்தாருன்னா பொம்மையாட்டம் நிக்கும் மேடம். வேற யாரு கைக்கும் நிக்காது. தாய் செத்துப்போன கன்னு இது, அண்ணன்தான் பாட்டில்ல பாலு குடுத்து வளத்தாரு.”

“அவரைக் கூப்பிடுங்களேன்.”

வளர்மதி கொட்டகையை ஒட்டியிருந்த வீட்டுச் சுவரைக் காட்டினார். “உள்ள படுத்துக்கினு இருக்காருங்க. நாலு மாசமாச்சு. வாதம் அடிச்சி வலது கையும் காலும் போயிடுச்சு, பேச்சும் இல்ல.”

அவர் பேர் ஏழுமலை.

மயக்க ஊசி போடலாமென்று மருந்தை எடுத்தேன். மாடு படுத்துவிட்டால் வேலை இன்னும் கஷ்டம், ஆனால் வேறு வழி இல்லை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினேன், மாடு நின்றுகொண்டிருந்தது. அசையாமல், நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, கழுத்தை அந்தச் சுவர்ப் பக்கமாக நீட்டியிருந்தது. எதைப் பற்றியும் யோசிக்க நேரமில்லை, ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும். அவ்வளவு வலியில் எந்த மாடும் அப்படி நிற்காது. தலையைத் திருப்பி, கால்களில் கயிறு மாட்டி, நானும் சேகரும் இழுத்து, கன்று வெளியே வந்து விழுந்தது. பெண் கன்று, உயிரோடு.

மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். சுட்டி எதையோ நக்கிக்கொண்டிருந்தது. கன்றை அல்ல, சுவரையும் அல்ல. சுவருக்கு இப்பால் ஒரு முழத் தூரத்தில் வெறும் காற்றை.

மாடு காற்றை நக்குவது ஒன்றும் அதிசயம் கிடையாது. உடம்பில் சர்க்கரை குறைந்தால் நக்கும், உப்புச் சத்துக் குறைந்தாலும் நக்கும், நாங்கள் படித்ததுதான். ஆனால் அந்த நோயில் நாக்கு தடையில்லாமல் நீளமாக வந்து போகும். இதன் நாக்கு வழியில் எதன்மேலோ படுகிற மாதிரி அகலமாகப் பரவி, அழுந்தி, வளைந்து மேலே ஏறியது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில். நம்பினால் நம்புங்கள், நான் நடுவில் என் கையை நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மாடு என் கையைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் நக்கியது.

ரத்தம் எடுத்துக்கொண்டேன். கை கால் கழுவியதும் வளர்மதி டீ கொடுத்துவிட்டுச் சொன்னார், “உள்ள வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க டாக்டரம்மா, கன்னு பொட்டைன்னு. பேச்சுதான் இல்ல, காது நல்லா கேக்கும்.”

போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஃபேன், கயிற்றுக் கட்டில். நல்ல கட்டுமஸ்தான ஆளாக இருந்திருக்க வேண்டும். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. “பெண் கன்று, தாயும் நல்லா இருக்கு” என்று சொன்னேன். கண் கலங்கியது. அவருடைய வலது கை, செயலிழந்த கை, உள்ளங்கை மேலே தெரியும்படி கட்டில் ஓரமாகக் கிடந்தது. உள்ளங்கை முழுக்க ஈரம், நுரை நுரையாக. ஈரத்துக்குக் கீழே தோல் சிவந்து கீறல் கீறலாக இருந்தது. மாட்டு நாக்கு உப்புத்தாள் மாதிரி, ஒரே இடத்தில் பத்து நிமிஷம் நக்கினால் தோலை எடுத்துவிடும். என் முழங்கையில் அந்தக் காயத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வேறொன்றென்று தப்பாக நினைக்க வாய்ப்பே இல்லை.

வளர்மதி சாதாரணமாகத் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார்.

“தெனமும் இப்படித்தாங்க. மொதல்ல ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு தேங்கா எண்ண தடவினேன். அப்புறம் ஒருநாளு மாடு வெளிய நக்கிக்கினு நிக்கறப்போ உள்ள வந்து பாத்தேன். அன்னிலேர்ந்து எண்ண தடவறதில்ல.”

“ஏன்?”

“அதுக்கு எண்ண வாசனை புடிக்காதே.”

வரும் வழியெல்லாம் காரணம் தேடிக்கொண்டே வந்தேன். கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்து கையில் விழுந்திருக்கலாம். படுக்கையில் உராய்ந்து தோல் சிவந்திருக்கலாம். மாட்டை அவர்களே உள்ளே கூட்டி வந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் அந்த வாசலில் ஆளே குனிந்து திரும்பித்தான் நுழைய வேண்டும். ரத்தப் பரிசோதனையில் மாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. எச்சில்தான் என்று முடிவு கட்டி அதோடு விட்டேன்.

கன்றுக்கு மருந்து கொடுக்க இரண்டு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை வளர்மதி வீட்டில் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் இருந்தார். சுட்டியை வரப்போரம் கட்டியிருந்தார். அது வீடு இருக்கும் திசைக்குக் கழுத்தை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது.

“அவரைத் தனியாவா விட்டுட்டு வந்தீங்க?”

“முன்னெல்லாம் வாசலத் தாண்ட மாட்டேங்க, உள்ளுக்குள்ள பயம் அடிச்சிக்கினே இருக்கும். இப்போ இதக் கூட்டிக்கினு வந்துடறேன். இது நக்கிக்கினு இருந்தா அவரு நல்லா இருக்காருன்னு அர்த்தம். போன் மாதிரி வெச்சுக்கோங்களேன்” என்று சிரித்தார். அந்த அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை நம்பி ஆளைத் தனியாக விடாதீர்கள், சேகரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொன்னேன். இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சித்திரை மாசம், நல்ல வெயில், மருந்தகத்தில் ஓர் ஆட்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தபோது மணி நாலு பத்து.

“டாக்டரம்மா, மாடு நக்கறத நிறுத்திடுச்சுங்க.”

நான் வழக்கம்போல, “தண்ணி குடிக்குதா, அசை போடுதா?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நக்கல.”

“அவர் எப்படிம்மா இருக்கார்?”

மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது.

“இன்னும் உள்ள போவலங்க. வாசல்ல நின்னுக்கினு இருக்கேன். நீங்க வந்துடுங்க. நீங்க வந்தப்புறம் போறேன்.”

சேகர் வேலையாக விழுப்புரம் போயிருந்தார். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். நான் போய்ச் சேர ஐந்து மணியாகிவிட்டது. சொன்ன மாதிரியே வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் மாட்டுக்கயிறு, புடவை முழுக்க நிலத்து மண். சுட்டி பக்கத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் உள்ளே போனேன்.

ஏழுமலை இறந்துபோயிருந்தார். நான் மனித டாக்டர் இல்லை, ஆனால் இறந்த உடம்பு எனக்குப் புதிதில்லை. தாடையைத் தொட்டேன், கழுத்தைத் தொட்டேன், கையை மடக்கிப் பார்த்தேன். கட்டை போல விறைத்திருந்தது. கால் விரல்வரைக்கும் விறைப்பு. கண்ணில் படலம் படிந்திருந்தது. வெயில் காலத்தில் சீக்கிரமே விறைத்துவிடும், அதையும் கழித்துத்தான் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. காலை பத்து மணி தாண்டியிருக்காது.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை.

“எப்போங்க?” என்று மட்டும் கேட்டார்.

“இப்பத்தான்மா. கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்” என்றேன். மாட்டு விஷயத்தில்கூட நான் பொய் சொன்னதில்லை.

அவர் தலையை ஆட்டினார். “மூணு மணி இருக்கும். மல்லாட்டை ஆயறவங்களுக்கு டீ ஊத்திக்கினு இருந்தேன், அப்போதான் நாக்க உள்ள இழுத்துக்கிச்சு. காலையில ஆறு மணிக்குக் கஞ்சி குடுத்துட்டுப் போனதுங்க. இன்னிக்கு ஆயறதுக்குக் கடைசி நாளு, ஆளுங்கள வுட்டுட்டு வர முடியல. ஆனா இத வுடாம பாத்துக்கினேதான் இருந்தேன். மூணு மணி வரைக்கும் நக்கிக்கினேதான் இருந்துச்சு. வேணும்னா அவங்களக் கேளுங்க, எல்லாரும் பாத்தாங்க.”

“சரிம்மா” என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சேகர் வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், மறுநாள் எடுத்தார்கள். வளர்மதி இன்னும் அந்த மாட்டை வைத்திருக்கிறார், லிட்டர் குறையாமல் கறக்கிறது, காற்றை நக்குவதில்லை. அவரைப் பொறுத்தவரை கணவர் சாகும்வரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற நிம்மதி இருக்கிறது. அதை நான் கெடுக்கப்போவதில்லை. பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த மாடு எதை நக்கிக்கொண்டிருந்தது என்பதை இதுவரை யாரிடமும் கேட்டதும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை வளர்மதியிடம் சொல்லவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் தரையில் தண்ணீர் தெளித்தால் ஐந்து நிமிஷம் நிற்காது. மாடு நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, அப்போது அது வாசலில், என் கண்ணெதிரில் நிற்கிறது. ஆனால் நான் விறைத்த அந்த வலது கையைப் பிடித்துத் திருப்பியபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது, நுரை அடங்கவில்லை. துப்பட்டாவால் துடைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன், மறுபடியும் ஈரமானது. திரும்பவும் துடைத்து, கையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே வந்து அந்த அம்மாவை உள்ளே போகச் சொன்னேன்.