ராக்கம்மா ஏற்றிய மெழுகுவர்த்திகள்

ராக்கம்மா பரமக்குடிப் பக்கத்துக்காரி. 2003இல் வீட்டு வேலை விசாவில் பஹ்ரைன் வந்தாள். மனாமாவில் ஜொஹரா என்ற வயதான பெண்மணியின் வீட்டில் தங்கி வேலை. பெயரையும் அரபிப் பேச்சையும் வைத்து முஸ்லிம் வீடு என்றே நினைத்திருந்தாள். குதைபியாவில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை சாகிர்தான் அவர்கள் யூதர்கள் என்று சொன்னார். தலைமுறைகளாக அங்கேயே வாழும் சில குடும்பங்களில் ஒன்றாம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் ஜொஹரா சாப்பாட்டு மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றுவாள். முகத்தைக் கைகளால் மூடி ஏதோ முணுமுணுப்பாள். பிறகு மறுநாள் இருட்டும்வரை அடுப்பையோ சுவிட்சையோ தொடமாட்டாள். அது அவர்களுடைய ஓய்வு நாள். ஹாலில் மட்டும் ஒரு பல்பு முன்கூட்டியே எரிந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் வருடம் ஜொஹராவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. தீக்குச்சி நழுவி விழுந்தது.

"குடுங்க மேடம், நான் ஏத்துறேன்." ராக்கம்மா பேசியது பாதி இந்தி, பாதி அரபி.

"வேண்டாம். நான்தான் ஏத்தணும். என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ, போதும்."

அன்றிலிருந்து வாராவாரம் பிடித்துக்கொண்டாள்.

ஒரு குளிர்கால வெள்ளியன்று, இருட்டிய பிறகு ஜொஹரா உள்ளே பிரார்த்தனையில் இருந்தபோது, ஜன்னல் காற்றில் இரண்டு சுடரும் மலையேறிவிட்டன. ராக்கம்மா ஓடிவந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டையும் ஏற்றினாள். தீக்குச்சி கையில் இருக்கும்போதே ஜொஹரா வந்துவிட்டாள்.

"உன்னை ஏத்தச் சொன்னேனா?"

"இல்ல மேடம். அப்படியே விட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு..."

 ஜொஹரா தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பாட்டு அறையில் மெழுகுவர்த்திகள் தனியாக எரிந்து முடிந்தன.

"நான் ஏத்துனது தீட்டாப் போச்சு," என்று ராக்கம்மா போனில் நளினியிடம் சொன்னாள். நளினி அடுத்த தெருவில் வேலை பார்த்தவள். வேறு வீடு பார்க்கலாம் என்றாள்.

ஞாயிறு காலை ராக்கம்மா ஜொஹராவின் முன்னால் போய் நின்றாள். "நான் போறேன் மேடம்."

"ஏன்?"

"எங்க ஊர்லயும் நாங்க தொட்டா ஆகாதுங்குற வீடுக இருக்கு. இங்கயும் அதே மாதிரின்னா எனக்கு வேண்டாம்."

ஜொஹராவுக்கு இது புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ராக்கம்மாவை உட்காரவைத்தாள்.

"பொழுது சாஞ்ச பிறகு எனக்காக யார் நெருப்பு ஏத்தினாலும் அந்த வெளிச்சத்தை நான் பயன்படுத்தக் கூடாது. என் தங்கச்சி ஏத்தியிருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன். அதை அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

ராக்கம்மா முழுதாக நம்பினாளா என்பது தெரியவில்லை. ஆனால் போகவில்லை. அடுத்த வெள்ளியன்று ஜொஹரா கையை நீட்டினாள். இவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

சில வருடங்கள் கழித்து ஜொஹரா லண்டனில் இருந்த தங்கையிடம் போய்விட்டாள். ராக்கம்மா குவைத்தில், மங்காஃபில் ஒரு மலையாளிக் குடும்பத்தில் சேர்ந்தாள். அங்கே ஒருமுறை ஜொஹராவிடமிருந்து போன் வந்தது.

"வீட்டுக்காரங்க எப்படி?"

"பரவாயில்ல மேடம். நான் சமைக்கிறதை எல்லாரும் என்கூடவே உக்காந்து சாப்பிடுறாங்க."