திரைக்கடல்

அலுவலகச் சுற்றுலாவில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் நின்றபோது, பக்கத்தில் யாரோ பூசியிருந்த ரோஸ் பவுடரின் வாசனை, என்னைத் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் அருகே இப்போது செல்போன் கடையாகிவிட்ட போட்டோ ஸ்டுடியோவுக்குள் தள்ளியது. கண்ணாடியோரம் நூலில் தொங்கும் சீப்பு, வருகிறவர்கள் எல்லோரும் பூசிக்கொள்ளும் ஒரே பவுடர் டப்பா, பின்னால் இதே கோயிலும் நீலக் கடலும் வரைந்த திரை. மாமல்லபுரம் கூட்டிப்போவதாக வருடம் முழுக்கச் சொல்லும் அப்பா, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி போட்டதும் எங்களை அந்தத் திரை முன்னால்தான் நிறுத்துவார். செருப்பை வாசலிலேயே விடச் சொல்வதால், எல்லாப் படத்திலும் நாங்கள் வெறுங்காலோடு, நிஜமாகவே மணலில் நிற்பவர்களைப் போல இருப்போம். "அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சல் இன்னும் தீராமல்தான் நிஜக் கோயிலைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கம்பிவேலியும் பாறைச் சுவரும் கடலை மறைத்திருந்தன. உடனே போன் வந்தது.

"இன்னாடி, கடலையே காணோம்? நாம போனப்போ கோயிலு பின்னாடியே இருந்துச்சே!"

"நாம எப்பம்மா போனோம்?"

"நல்லா கேட்ட போ. உங்கப்பா வருசம் தவறாம இட்டுகினு போனாரே!"